ஆட்டுச் சந்தையில் மெஹ்ஜபின் டீச்சர்

கள்ளிவலசு நடுநிலைப்பள்ளிக்குப் பகுதி நேர ஓவிய ஆசிரியையாக மெஹ்ஜபின் வந்து சேர்ந்த அன்று, தலைமையாசிரியர் வேல்குமார் அவளுக்கு முதலில் காட்டியது வகுப்பறையை அல்ல, கழிப்பறைச் சுவரை.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க டீச்சர். அடுத்த வாரம் ஆபீசர் வர்றாருங்க. இதுல ஆண்கள், பெண்கள்னு சோக்கா எழுதிப்போடுங்க. பக்கத்துல ரெண்டு பூவும் போட்டீங்கன்னா பார்க்க லட்சணமா இருக்கும்."

எழுதினாள். பூவும் போட்டாள். அதன் பிறகு தண்ணீர்த் தொட்டியில் 'குடிநீர்' என்று எழுதினாள். சத்துணவுக் கூடத்துக்கு ஒரு பெயர்ப்பலகை, ஆண்டு விழாவுக்கு மேடைத் தட்டி, விளையாட்டுப் போட்டியில் ஜெயித்தவர்களுக்குச் சான்றிதழில் பெயர் என்று வேலை வந்துகொண்டே இருந்தது. கால அட்டவணையில் ஓவியம் என்று போட்டிருந்த பீரியடை மட்டும் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொண்டார். 'நீங்க போர்டு எழுதுங்க டீச்சர், பசங்களை நான் பார்த்துக்கறேன்' என்று அவர் சொன்னது உதவி செய்கிற தொனியில்தான். மெஹ்ஜபினும் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

வாரத்தில் மூன்று அரை நாள்தான் பள்ளி வேலை. மற்ற நேரம் அவளுக்குத் திருப்பூர் மண்ணரையில், மீரா சாகிப் நடத்திய பிரின்டிங் யூனிட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. டீ-சர்ட்டில் அச்சாகும் படங்களை வரைந்து கொடுப்பது அங்கே அவள் வேலை. மீரா சாகிப் அவளுடைய அத்தாவின் பழைய சிநேகிதர். சின்ன வயதிலிருந்தே அவரைப் பெரியத்தா என்றுதான் கூப்பிட்டுப் பழக்கம். அத்தா, அதாவது அவள் அப்பா, உயிரோடு இருந்தவரை ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். மாலையில் வரும்போது பெட்டி கட்டி மிஞ்சிய அட்டைகளைக் கொண்டுவந்து போடுவார். அந்த அட்டைகளில் கிறுக்கிக் கிறுக்கித்தான் அவள் படம் போடக் கற்றாள். பிறகு முறைப்படி பரீட்சை எழுதி ஓவிய ஆசிரியைக்கான சான்றிதழும் வாங்கினாள்.

யூனிட்டில் பெரும்பாலும் வெளிநாட்டுக் குழந்தைகளின் உடுப்புதான். பனியில் சறுக்கும் கரடி, தொப்பி போட்ட பென்குவின், கண்ணாடி மாட்டிய நரி. பையர், அதாவது உடுப்பை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, அனுப்பும் மாதிரியைப் பார்த்து, கொஞ்சம் காதை மாற்றி, கொஞ்சம் வாலை மாற்றி வரைவாள். அவள் வரைந்த கரடிகள் கப்பலேறிப் போய் எந்தெந்த நாட்டுப் பிள்ளைகளின் நெஞ்சிலோ உட்கார்ந்திருந்தன. பனியையும் அவள் பார்த்ததில்லை, கரடியையும் பார்த்ததில்லை.

கணக்கு வாத்தியார் ஒரு வாரம் பயிற்சிக்குப் போனபோதுதான் ஏழாம் வகுப்பு முதன்முறையாக அவள் கைக்கு வந்தது. "உங்க ஊரை வரையுங்க, பார்க்கலாம்" என்றாள். பிள்ளைகள் தலையைக் குனிந்தார்கள். நிமிர்ந்தபோது எல்லாத் தாளிலும் ஒரே படம். இரண்டு மலை, நடுவில் சூரியன், மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு, கரையில் ஓட்டு வீடு, ஒரு தென்னை மரம், வானத்தில் நாலு காக்காய்.

கள்ளிவலசில் ஆறு கிடையாது. மேட்டுக்காடு. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் புல். கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகளில் வெள்வேல மரங்கள் நிற்கும். அதற்கு மேலே வரிசையாக மின்சாரம் எடுக்கும் காற்றாடிகள் சுற்றும். கொப்பரைக் களங்களில் தேங்காய் மலையாகக் குவிந்து கிடக்கும்.

முன்வரிசையில் இருந்த பாண்டிமீனாவிடம் கேட்டாள். "இந்த ஆறு எங்க கண்ணு ஓடுது?"

பாண்டிமீனாவுடையது கமுதிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அம்மா வெள்ளையம்மாளும் அப்பா சோணைமுத்துவும் ஊருக்கு வெளியே ஒரு கொப்பரைக் களத்தில் வேலை செய்தார்கள். களத்துக்குள்ளேயே தகரம் போட்ட வீடு.

"ஓடல மிஸ்" என்றாள் அவள். "ஆனா படம்னா ஆறு இருக்கணும்ல மிஸ்?"

வகுப்பு சிரித்தது. மெஹ்ஜபினுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பிள்ளையையும் தன்னையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் என்ன வித்தியாசம் என்று தோன்றியது. யாரோ வரைந்ததைப் பார்த்துத்தான் இத்தனை வருஷமும் வரைந்திருக்கிறோம். எதிரில் நிற்கிற ஒன்றைக் கண்ணால் பார்த்து வரைந்து எவ்வளவு காலம் ஆயிற்று?

"எல்லாரும் எந்திரிங்க" என்றாள். "பரீட்சை அட்டையை மட்டும் எடுத்துக்கங்க. வெளிய போறோம்."

பள்ளிக்குப் பின்னால் இருந்த மேய்ச்சல் காட்டில் போய் உட்கார்ந்தார்கள். முதலில் ஒரே கூத்து. "மிஸ், இந்த ஆடு நிக்கவே மாட்டேங்குதுங்க!" என்று ஒருவன் புகார் சொன்னான். "நிக்காது சாமி. ஓடறதையே போடு" என்றாள். வேலியை வரையத் தொடங்கியவர்கள் கிளுவை முள் இத்தனை கோணலா என்று வியந்தார்கள். மெஹ்ஜபின் ஒரு வெள்வேல மரத்தை வரைய உட்கார்ந்தாள். வெகு நேரம் கோடு வசப்படவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு சொடுக்கில் அழித்துப் பழகிய கை அடிக்கடி தடுமாறியது. மணி அடித்தபோது மரம் பாதிதான் வந்திருந்தது. ஆனால் அது அந்த மரம். வேறெங்கும் இல்லாத மரம். பஸ்ஸில் திரும்பும்போது அந்தத் தாளை மடிக்க மனமில்லாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

அதன் பிறகு அவள் பீரியடை விட்டுக்கொடுக்கவில்லை. கணக்கு வாத்தியார் கேட்டபோது, "போர்டை நீங்க எழுதிக்கங்க சார், பசங்களை நான் பார்த்துக்கறேன்" என்று சிரித்தபடியே சொல்லிவிட்டாள். கலர் பென்சில் எல்லாப் பிள்ளைகளிடமும் இல்லை. பருத்திமார்க் குச்சிகளை, காய்ந்த பருத்திச் செடித் தண்டுகளை, உடைத்து மூடியுள்ள டின்னில் அடுக்கி, களிமண்ணால் பூசி, சத்துணவு அடுப்பின் ஓரத்தில் புதைத்து வைத்தாள். ஆறியதும் திறந்தால் கன்னங்கரேலென்று கரிக்குச்சிகள். பிள்ளைகளின் மூக்கு, கன்னம், சட்டைப் பை எல்லாம் கரி. தாய்மார்கள் திட்டினார்கள். படங்கள் மட்டும் நாளுக்கு நாள் உயிர் பெற்றன.

அந்த ஆண்டு ஒரு சங்கம் திருப்பூரில் ஓவியப் போட்டி நடத்தியது. தலைப்பு, 'எங்கள் ஊர்'. மெஹ்ஜபின் தன் பிள்ளைகளில் சிலரை அழைத்துப் போனாள். பாண்டிமீனா வரைந்தது அவள் அம்மாவை. களத்தில் தேங்காய்க் குவியலுக்கு முன்னால், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அரிவாளை ஓங்கிய கையோடு வெள்ளையம்மாள். மொத்தமும் கரியில். ஓங்கிய கையைப் பார்த்தால் தேங்காய் உடையும் சத்தம் கேட்பது போல இருந்தது.

பரிசு எதுவும் வரவில்லை. ஆறுதல் பரிசுகூட இல்லை. நடுவராக இருந்த அம்மையாரிடம் மெஹ்ஜபின் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"திறமை இருக்குதுங்க, இல்லைன்னு சொல்லல" என்றார் அவர், தன்மையாகத்தான். "ஆனா ஊருன்னா ஒரு பசுமை வேணுமில்லீங்களா? எல்லாமே ஒரே கருப்பா இருக்குது. பார்க்கிறவங்களுக்கு ஒரு சந்தோஷம் வரணுமுங்க."

திரும்பும் பஸ்ஸில் பிள்ளைகள் சுருட்டிய படங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாண்டிமீனா மெதுவாகக் கேட்டாள். "மிஸ், அடுத்த தடவை நான் ஆறே போட்டுரட்டா?"

மெஹ்ஜபின் அந்தப் பிள்ளையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அன்று சனிக்கிழமை, அவர்கள் பஸ் மாற இறங்கிய குண்டடத்தில் சந்தை நாள். கள்ளிவலசு மினி பஸ்ஸுக்காகச் சந்தை வாசலில் காத்து நின்றார்கள். தோற்று வந்த கோபத்தில் ஒரு பையன், சுருட்டியிருந்த படங்களை விரித்து மறுபடி பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது ஆட்டைப் பிடித்துக்கொண்டு போன ஒருவர் நின்றார்.

"ஏனுங் டீச்சர், இது நம்ம கொப்பரைக் களத்து வெள்ளையம்மா தானுங்களே?"

"ஆமாங்க" என்றாள் மெஹ்ஜபின்.

"அட! அந்தம்மா கையை ஓங்கறது இப்படித்தானுங்க. ஏப்பா, இங்க வந்து பாருங்கப்பா!"

ஒருவர் வந்தார், நாலு பேர் வந்தார்கள், கோழி விற்க வந்தவள் கூடையோடு வந்தாள். வழி அடைத்துக்கொண்டது. சந்தையைக் குத்தகை எடுத்திருந்த ராசப்பன் என்ன தகராறோ என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "வழியை உடுங்கப்பா, வண்டி வருதில்ல" என்று அதட்டியவர், எட்டிப் பார்த்துவிட்டுத் தானும் நின்றார். படங்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். ஓடும் ஆடுகள், சுற்றும் காற்றாடி, வேலியில் சிக்கிய சேலைத் துண்டு.

"நெம்ப நல்லாருக்குதுங்க டீச்சர்" என்றார். "என்ற கிடாயை யாராச்சும் போட்டிருக்கீங்களா சாமி?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். போட்டி முடிந்ததிலிருந்து அன்றைக்கு வந்த முதல் சிரிப்பு. மெஹ்ஜபினுக்கு உடம்பெல்லாம் ஒரு சூடு ஏறியது. என்ன கேட்கப் போகிறோம் என்று யோசிக்கும் முன்பே கேட்டுவிட்டாள்.

"அண்ணா, ஒரு சனிக்கிழமை இங்கயே எல்லாப் படத்தையும் கட்டித் தொங்கவிடலாமுங்களா? சந்தைக்கு வர்றவங்க பார்க்கட்டும்."

ராசப்பன் தாடையைச் சொறிந்தார். "ஆட்டுச் சந்தையில படமுங்களா? நான் கேள்விப்பட்டதே இல்லைங்க. சரி, அந்தத் தகரக் கொட்டாயும் முன்னால இருக்கற வேலியும் எடுத்துக்கங்க. ஆனா ஆடு வந்து தின்னுபோட்டா என்னைக் கேக்கப்படாது."

வேல்குமாருக்கு விஷயம் தெரிந்தபோது முகம் சுருங்கியது. "மேல இருந்து கேட்டா நான் என்ன சொல்றதுங்க டீச்சர்? பள்ளிக்கூடப் பேரு எங்கயும் வர வேண்டாம். பார்த்துக்கங்க."

"சரிங்க சார். பிள்ளைங்க பேரை மட்டும் போட்டுக்கறேன்" என்றாள்.

தாளில் போட்டால் சந்தைக் கூட்டத்தில் யாருக்குத் தெரியும்? படம் ஆள் உயரத்துக்கு இருக்க வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. கணவன் தமீம் ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வீட்டில் சொன்னதும் அவன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "ஷேடு மாறிப்போன ரோல் குடோன்ல சும்மா கிடக்குது. கேட்டு வாங்கிட்டு வர்றேன்" என்றான். மறுநாள் பைக்கின் பின்னால் வெள்ளைப் பனியன் துணி ரோலைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். கரியைத் தூளாக அரைத்து, பிரின்டிங்கில் சாயம் பிடிப்பதற்குப் போடும் பைண்டர் பசையில் குழைத்தால், துணியைத் துவைத்தாலும் போகாத கருப்பு மை கிடைத்தது. செம்மண்ணைச் சலித்துக் குழைத்தால் சிவப்பு.

முதல் துணியில் பிள்ளைகள் ஒரு ஆட்டு மந்தையை வரைந்து, காய்ந்ததும் ஆசையாகத் தூக்கிக் கட்டினார்கள். பனியன் துணி தன் கனத்தில் தானே இழுபட்டது. ஆட்டின் கால்கள் நீண்டன. கழுத்தும் நீண்டது. பள்ளி மைதானத்தில் ஒரு மந்தை ஒட்டகம் நின்றது. பிள்ளைகள் தரையில் உருண்டு சிரித்தார்கள். பார்க்க வந்திருந்த தமீம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பனியன் துணி புள்ள. இழுத்த பக்கமெல்லாம் வரும். உனக்குத் தெரியாததா?"

தெரியும்தான். ஆர்வத்தில் மறந்துவிட்டது. கஞ்சி போட்டு விறைப்பாக்கி, மூங்கில் தப்பையில் இழுத்துக் கட்டிய பிறகு வரைய வேண்டும். அத்தனை துணிக்கும் கஞ்சிக்கு எங்கே போவது? பிள்ளைகள் அவரவர் வீட்டில் சொன்னார்கள். அடுத்த முறை அவள் பள்ளிக்கு வந்தபோது வாசலில் கஞ்சி நிறைந்த தூக்குப் போசிகளோடு தாய்மார்கள் நின்றார்கள். கரிக்காகத் திட்டிய அதே தாய்மார்கள். வெள்ளையம்மாள் ஒரு குடமே கொண்டுவந்திருந்தாள்.

கஞ்சி போட வந்தவர்கள் துணி காய்கிறவரை உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்தவர்களின் கையில் மெஹ்ஜபின் பிரஷ்ஷைக் கொடுத்தாள்.

வெள்ளையம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "ஏந்தாயி, எனக்கு எங்கிட்டுப் படம் வரும்? கையெழுத்தே ஒழுங்கா வராதே."

"எழுத்து வேற, இது வேறங்க அக்கா. தேங்காயை வெட்டறதுக்கு முன்னாடி எங்க வெட்டணும்னு கண்ணால ஒரு தடவை பார்ப்பீங்கல்ல? அந்த மாதிரி ஒரு தடவை பாருங்க. அப்புறம் கோடு போடுங்க."

வெள்ளையம்மாள் எதிரில் கிடந்த தன் செருப்பைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு அதை வரைந்தாள். வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பு. வரைந்து முடித்ததும், "ஆத்தி, எஞ் செருப்பே தான்!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று அவள் செருப்புக்குப் பக்கத்தில் களத்து வெயிலில் காயும் கொப்பரை, தகர வீடு, கொடியில் சோணைமுத்துவின் சட்டை எல்லாவற்றையும் வரைந்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மெஹ்ஜபினும் தனக்கென்று ஒரு நீளத் துணியைக் கட்டிக்கொண்டாள். காலையில் அவள் பஸ் குண்டடத்தை நோக்கி வரும்போது, எதிர்த்திசையில் கம்பெனி வேன்கள் கிராமத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு திருப்பூருக்குப் பறக்கும். கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்குகிறவள், ஈரத் தலையைக் கோதுகிறவள், டிபன் பாக்ஸை மடியில் இறுக்கியிருக்கிறவள். அந்த வேன்கள் நின்று ஆள் ஏற்றும் ஒரு நிறுத்தத்தில் ஒரு நாள் இறங்கிவிட்டாள். பல காலைகள் அங்கே நின்று, அந்தப் பெண்களோடு பேசிப் பேசி, ஒவ்வொரு முகத்தையும் தாளில் பிடித்தாள். பிறகு துணியில் ஏற்றினாள். அவளுடைய அத்தனை வருஷக் கைப்பழக்கமும் அந்தத் துணியில்தான் முதன்முதலாக இறங்கியது. தமீம் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். "கீழ உன் பேரைப் போடு" என்றான். போட்டாள். கரடிகளில் எதிலும் அவள் பெயர் இருந்ததில்லை.

ஆடி மாதச் சனிக்கிழமை ஒன்றில் கண்காட்சி. ஆடியில் அந்தப் பக்கத்துக் காற்று எப்படி இருக்கும் என்பதை அவள் கணக்கில் எடுத்திருக்கவில்லை. வெயில் ஏறும்போதே காற்றும் ஏறியது. வேலியில் கட்டிய துணிகள் படபடவென்று அடித்தன. ஆடுகள் மிரண்டன. ஒரு கிடாய் கயிற்றை அறுத்துக்கொண்டு மிளகாய்க் கடைக்குள் பாய்ந்தது. சந்தை முழுக்கக் கூச்சல். ஒரு மூங்கில் தப்பை முறிந்து, பாண்டிமீனா துணியில் மறுபடி வரைந்திருந்த அம்மா படம் பாதி அவிழ்ந்து தரையில் புரண்டது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று ராசப்பன் ஓடிவந்தார். மெஹ்ஜபின் இரண்டு கையாலும் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான், எல்லாவற்றையும் கழற்றச் சொல்லப் போகிறார் என்று நினைத்தாள்.

அவர் கத்தியது அவளைப் பார்த்தல்ல. ஆட்டு வியாபாரிகளைப் பார்த்து.

"என்னப்பா வேடிக்கை பார்க்கறீங்க? கயிறு வெச்சிருக்கீங்கல்ல? புடிச்சுக் கட்டுங்கப்பா!"

ஆடு கட்டும் கயிறுகள் வந்தன. ஒவ்வொரு துணியின் கீழ்முனையிலும் கல் கட்டினார்கள். முறிந்த தப்பைக்குப் பதில் யாரோ தன் தொரட்டுக் கோலைச் செருகினார். மிரண்ட ஆடுகளை மறுபக்கம் ஓட்டினார்கள். கட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

"ஏனுங், இது அங்கமுத்து அண்ணனுங்க! துண்டைத் தலையில போட்டுட்டுக் குந்தியிருக்கறதைப் பாருங்க!"

"என்ற ஊட்டு எருமை! அந்த மொட்டைக் கொம்பைப் பாரு!"

சந்தைக்கு வந்திருந்த அங்கமுத்துவையே கூட்டிவந்து அவர் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவர் வெட்கத்தில் துண்டால் முகத்தை மூடிக்கொள்ள, கூட்டம் ஓவென்று கத்தியது. ராசப்பனின் கிடாயை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து போட்டிருந்தார்கள். அவர் அதன் முன்னால் நின்று, வருகிற ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். விலை பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார்கள்.

வெள்ளையம்மாள் தன் மகள் வரைந்த படத்தின் முன்னால் வந்து நின்றாள். ஆள் உயரம். அரிவாள் ஓங்கிய கை. சுற்றிலும் ஜனம். அவள் மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தாள், மறுபடி பார்த்தாள்.

"ஏத்தா மீனா," என்றாள் மகளிடம், "நான் இம்புட்டுக் கெம்பீரமாவாடி நிக்கிறேன்?"

"ஆமாம்மா. நீ பாத்ததில்ல. நான்தான தெனமும் பாக்குறேன்."

வெள்ளையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு அந்தப் படத்தின் பக்கத்திலேயே, யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது போல நின்றாள்.

காய்கறிப் பையோடு வேல்குமாரும் வந்திருந்தார். தற்செயலாக வந்தது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கூட்டத்தின் பின்னால் நின்றார். தாராபுரத்திலிருந்து வந்த ஒரு வியாபாரி யாரிடமோ கேட்டார். "எந்த ஊருப் பசங்க போட்டதுங்க இதெல்லாம்? டவுன் பள்ளிக்கூடமுங்களா?"

வேல்குமார் பையைக் கீழே வைத்தார். "டவுனுமில்ல ஒண்ணுமில்லீங்க. கள்ளிவலசு. கவருமெண்டு பள்ளிக்கூடம். நான்தான் எச்செம்!" என்று சந்தை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு பிள்ளையிடம் கரிக்குச்சியை வாங்கி, தகரக் கொட்டாயின் நெற்றியில் பள்ளியின் பெயரைத் தன் கையாலேயே பெரிதாக எழுதினார். எழுத்து கோணலாகத்தான் வந்தது. மெஹ்ஜபின் திருத்தவில்லை.

சாயங்காலம் திருப்பூரிலிருந்து திரும்பிய கம்பெனி வேன் சந்தை வாசலில் நின்றது. வாரச் சம்பளம் வாங்கிய கையோடு சாமான் வாங்க இறங்கிய பெண்கள், நீளத் துணியைப் பார்த்து அப்படியே நின்றார்கள். ஒருத்தி கூவினாள். "அடியே, இது நானு! வாயைப் பொளந்துட்டுத் தூங்கறேன் பாரு!" அதோடு எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். தன் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்தவள் அடுத்தவள் முகத்தைக் காட்டிக்கொடுத்தாள். படத்தில் டிபன் பாக்ஸை மடியில் வைத்திருந்த சித்ராதேவி மட்டும் துணியின் அருகே போய், தன் படத்தின் கையை விரலால் தொட்டாள். திரும்பி வந்து மெஹ்ஜபினின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்களை யாருங்க பார்க்கறாங்க? வேன் போகுதுன்னு தான் பார்ப்பாங்க. நீங்க எங்களைப் பார்த்திருக்கீங்க டீச்சர்."

மெஹ்ஜபின் அந்தக் கூட்டத்தின் நடுவில், கரியும் செம்மண்ணும் அப்பிய கைகளோடு நின்றாள். காற்று அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டே இருந்தது. வாழ்நாளில் அவள் இவ்வளவு உயரமாக உணர்ந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு தகரக் கொட்டாய் அவளுடையதாகிவிட்டது. "கோழிக்காரங்களை அந்தப் பக்கம் தாட்டி விட்டுட்டனுங்க" என்றார் ராசப்பன். சந்தை கூடும் நாளெல்லாம் அங்கே வகுப்பு. பள்ளிப் பிள்ளைகள் மட்டுமல்ல, ஆடு விற்றவர்கள், விற்காதவர்கள், வேனிலிருந்து இறங்கியவர்கள், யார் வேண்டுமானாலும் உட்காரலாம். அங்கமுத்து வாராவாரம் வந்து எருமையை மட்டும் வரைந்தார். பள்ளியில் ஓவிய பீரியட் ஓவியத்துக்கே என்று வேல்குமார் சிவப்பு மையில் எழுதி ஒட்டினார்.

போனில் பரவிய படங்களைப் பார்த்துவிட்டு மீரா சாகிப் கூப்பிட்டார். "டிசைன் செக்‌ஷன் மொத்தத்தையும் நீயே பார்த்துக்கம்மா. தனி ரூம், கீழ நாலு பேரு. ஆனா வாரம் பூரா இங்கதான் இருக்கணும்."

"முடியாதுங்க பெரியத்தா" என்றாள் மெஹ்ஜபின். அவ்வளவு சுலபமாக அந்த வார்த்தை வரும் என்று அவளே நினைக்கவில்லை. "எனக்குப் பிள்ளைங்க இருக்காங்க. சந்தை இருக்கு. வாரத்துல ரெண்டு நாள் வேணா வந்து போறேன்."

எதிர்முனையில் கிழவர் சிரித்தார். "உங்கத்தா இருந்திருந்தா ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பாம்மா. சரி, ரெண்டு நாள் வா."

தை மாதத்தில் மடத்துக்குளத்துப் பள்ளி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது, அங்கேயும் இப்படி ஒன்று நடத்த வேண்டுமென்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி வேனையே பேசி, துணிகளைச் சுருட்டிக் கூரையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். பிள்ளைகள், தாய்மார்கள், வேன் பெண்கள், தமீம், வேல்குமார் என்று உட்கார இடமில்லை. வழியெல்லாம் பாட்டு.

அங்கே நெல் அறுப்பு முடிந்த சமயம். களத்துமேட்டில் துணிகளைக் கட்டி முடித்ததும் ஊர்ப் பெண்கள் கூடினார்கள். மெஹ்ஜபின் அவர்களுக்கு என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்துத் திரும்புவதற்குள், வெள்ளையம்மாள் ஒரு விறைத்த துணியை விரித்து, மைக் கிண்ணத்தை நடுவில் வைத்து, பிரஷ்ஷை நெல் அறுக்கும் ஒரு பெண்ணின் கையில் திணித்திருந்தாள்.

"எனக்கு வராதுன்னு சொல்லாத தாயி. நானும் அப்படித்தான் சொன்னேன். மொதல்ல கண்ணால பாரு. நல்லாப் பாரு. பெறகு போடு."

அந்தப் பெண் தயங்கினாள். சுற்றிலும் பார்த்தாள். பிறகு எதிரே அடுக்கியிருந்த வைக்கோல் போரை உற்றுப் பார்த்துக்கொண்டு முதல் கோட்டை இழுத்தாள். பக்கத்தில் பாண்டிமீனா இன்னொருத்திக்குக் கரிக்குச்சி பிடிக்கக் காட்டிக்கொண்டிருந்தாள். சித்ராதேவி சிறு குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு டீச்சரை யாரும் தேடவில்லை.

மெஹ்ஜபின் ஒரு துணியை எடுத்துக்கொண்டு களத்து ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். மடத்துக்குளத்துப் பெண்கள் குனிந்து வரைவதை, கரி படிந்த அந்தக் கைகளை, மூச்சைப் பிடித்துக் கடித்த உதடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிரஷ்ஷை மையில் தோய்த்தாள். கை தடுமாறவில்லை.